ஒற்றைக் கியரின் நியாயம்

1970, 80களில் செய்யப்பட்ட ரேஸ் சைக்கிளைத் தேடி வாங்கி, அதன் பத்துக் கியரையும் கழற்றிவிட்டு ஒரே கியரில் ஓட்டுவது அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் பல ஆண்டுகளாக இருந்துவரும் விருப்பம். அலுவலகத்துக்கு அலுவலகம் உறைகளைக் கொண்டுசேர்க்கும் சைக்கிள்காரர்களிடமிருந்து அது மற்றவர்களுக்குப் பரவியது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த மெக்கானிக் ஷெல்டன் பிரவுன், 2008இல் இறக்கும்வரை எழுதிவந்த குறிப்புகள் அந்த வேலையைப் பல நாட்டவருக்கும் கற்றுக்கொடுத்தன. நம் சிற்றூர்களின் தெருவோர சைக்கிள் கடைகளுக்கு இதே வேலை வெகுகாலமாகப் பழக்கம். கியர் உடைந்த சைக்கிள் வந்தால், உடைந்ததைக் கழற்றிப் போட்டு, ஒற்றைப் பிரீவீலை, அதாவது மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பின் பல்சக்கரத்தை, முடுக்கி, செயினை வெட்டிச் சேர்த்து, ஓட்டக்கூடிய வண்டியாகத் திருப்பித் தருவார்கள். அங்கே ரசனையாகச் செய்வதை இங்கே பிழைப்புக்காகச் செய்கிறோம் என்று இதைச் சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்கினால் ஒரு வரலாறு விடுபட்டுப் போகும். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் ஒற்றைக் கியர் சைக்கிள் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்ததற்குக் காரணம் அறியாமையோ வறுமையோ மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கியர் ஓர் ஊருக்குப் பொருந்துமா என்பதை, அந்த ஊரின் சாலையும் அதைப் பழுது பார்க்கும் கை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கக் கள்ளக்குறிச்சியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. தரையும் மலையும் ஒரே மாவட்டத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். ஒற்றைக் கியர் முன்னால் வந்தது, பல கியர் வெகு பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது, அது நம்மிடம் வந்துசேரத் தாமதமாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு சக்கரமும் ஒரே அளவில், பின்சக்கரம் செயினால் ஓடும் சைக்கிளை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் வெற்றிகரமாகக் கொண்டுவந்தார். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்குள், 1902இல், பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே மூன்று கியரை அடக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டே ராலே கம்பெனியின் பிராங்க் பௌடன் அதைத் தயாரிக்கத் தொடங்கினார். பிரான்சில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி, மலைப்பாதைக்குப் பல கியர் தேவை என்று நெடுங்காலம் வாதாடினார். அவருக்கு எதிர்முனையில் நின்றவர், 1903இல் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச். கியர் மாற்றுவது வயதானவர்களுக்கான வேலை, வெற்றி தசையின் வலிமையால் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெயிலர் கருவி அந்தப் பந்தயத்துக்குள் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு வென்ற ரோஜே லபெபி அதைப் பயன்படுத்தித்தான் வென்றார். அதற்கு முன்பு வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்தில் இருந்த பெரிய பல்சக்கரத்தில் ஏறினார்கள். ஆகவே, இங்கிலாந்து சைக்கிள்கள் சென்னை ராஜதானியில் பரவிய காலத்தில் கியர் என்பது உலகம் அறிந்த பொருள். அது இங்கே பரவாமல் போனதற்குக் காரணத்தை இந்த மண்ணில்தான் தேட வேண்டும்.

மண் என்றால் முதலில் தரையின் அமைப்பு. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பிறகு விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெரும்பகுதி மெல்ல ஏறி இறங்கும் சமவெளி. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் பாயும் நிலம். நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி விளையும் பூமி. சேலம்–விருத்தாசலம் ரயில் பாதை சின்னசேலம் வழியாகப் போனதே தவிர, கள்ளக்குறிச்சி நகரத்தைத் தொடவில்லை. பேருந்து நிற்கும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்துக்கு நடையைவிட்டால் மாட்டுவண்டி, மாட்டுவண்டியைவிட்டால் சைக்கிள். பால்கேனும் புல்லுக்கட்டும் நெல்மூட்டையும் ஏறிய கேரியரோடு, மேடு குறைந்த சாலையில் ஐந்து, பத்து கிலோமீட்டர் போக வேண்டும். இந்த வேலைக்கு எவ்வளவு கியர் போதும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 28 அங்குலச் சக்கரம், முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.46 மீட்டர் நகரும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் கால் நிமிடத்துக்கு 46 சுற்றுச் சுற்றும். மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகம் அது. எதிர்க்காற்றிலும் பாரத்திலும் வேகம் 10 கிலோமீட்டருக்குக் குறைந்தால் 30 சுற்று. கடினம்தான், ஆனால் இயலாதது இல்லை. சமவெளியின் தேவையில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் அடங்கிவிடுகிறது. இன்னும் ஒரு கியர் இருந்தால் வசதி கூடும் என்பது உண்மை. அந்த வசதிக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்த விலையை அறிய, சைக்கிள் தொழில் இங்கே வளர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். விடுதலைக்கு முன் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், ஹம்பர் போன்ற பெயர்களில் வண்டிகள் வந்தன. விடுதலைக்குப் பிறகு இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உள்நாட்டுத் தொழிலை அரசு வளர்த்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின; அம்பத்தூரில் ஆலை எழுந்தது. வங்கத்தில் சென்–ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் 1956இல் ஹீரோ என்று மற்ற ஆலைகளும் வந்தன. 1950-51இல் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சமாக இருந்த உற்பத்தி, பத்தே ஆண்டுகளில் 10 லட்சத்தைத் தாண்டியது. இந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது, எல்லா ஆலைகளும் ஒரே இங்கிலாந்து அளவுகளைப் பின்பற்றின என்பது. செயினின் கண்ணி அரை அங்குலம், அகலம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பின் ஹப்புக்குள் கால் அங்குலக் குண்டு, முன் ஹப்புக்குள் பதினாறில் மூன்று பங்குக் குண்டு. பிரீவீலின் மரையும் எங்கும் ஒன்றே. டி.ஐ. டைமண்ட் செயின் 1960இல் அம்பத்தூரிலேயே செயின் செய்யத் தொடங்கியது. டைனமோவும் விளக்கும் டி.ஐ. மில்லரிலிருந்து வந்தன. லூதியானாவின் சிறுபட்டறைகளில் செய்த பிரீவீல் அம்பத்தூர் வண்டியில் ஏறும்; அம்பத்தூர் செயின் லூதியானா வண்டியில் ஓடும். கம்பெனியின் பெயர் பார்த்து உதிரி வாங்க வேண்டிய தேவையே இல்லாத பெரிய சந்தை ஒன்று இப்படி உருவானது. பட்டணத்திலிருந்து தொலைவில் இருந்த ஓர் ஊருக்கு இது சாதாரண வசதி இல்லை. மூன்று கியர் ஹப்புக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பற்சக்கரங்களும் சுருள் கம்பிகளும் இந்தப் பொதுச் சந்தைக்கு வெளியே நின்றன.

இந்தப் பொதுச் சந்தையை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த அமைப்பு வாடகை சைக்கிள் கடை. சொந்தமாக வண்டி வாங்க முடியாத தலைமுறைக்குச் சைக்கிளைப் பழக்கியது அதுதான். பத்து, இருபது வண்டிகள் வரிசையாக நிற்கும், மட்கார்டில் எண் எழுதியிருக்கும், எடுத்த நேரமும் ஆளின் பெயரும் நோட்டில் ஏறும், மணிக்கணக்கில் வாடகை. பள்ளிப் பிள்ளைகள் பெரிய வண்டியின் பார் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடித்துப் பழகியது இந்த வண்டிகளில்தான். கடைக்காரரின் நிலையிலிருந்து யோசித்தால் ஒற்றைக் கியரின் நியாயம் தெளிவாகும். அவருடைய வண்டியை ஓட்டுகிறவர் வண்டியின் சொந்தக்காரர் இல்லை; நாளைக்கு வேறொருவர் ஓட்டுவார். பழகாத கை இழுத்து உடைக்கும் எதுவும் அந்த வண்டியில் இருக்கக் கூடாது. ஒரு வண்டி பழுதாகி நின்றால் அன்றைய வாடகை போயிற்று. இருபது வண்டிக்கும் ஒரே செயின், ஒரே பிரீவீல், ஒரே பிரேக் கட்டை என்றால், ஒரு சிறிய மரப்பெட்டியில் அடங்கும் உதிரிகளைக் கொண்டே எல்லாவற்றையும் ஓட்டத்தில் வைத்திருக்கலாம். ஒரு வண்டி முற்றிலும் ஓய்ந்தால் அதன் உறுப்புகள் மற்ற பத்தொன்பதுக்கும் பயன்படும். வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் ஒரே கடையில் நடந்ததால், வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஓட்டுகிறவரின் வசதிக்கு இருந்த அளவு எடை பழுது பார்ப்பவரின் வசதிக்கும் இருந்தது. சொந்த வண்டி வாங்கத் தொடங்கியவர்களும் அந்தக் கடைக்கே பழுதுக்குப் போனதால், கடைக்காரர் வைத்திருக்கும் உதிரிக்கு ஏற்ற வண்டியையே வாங்கினார்கள்.

அந்தக் கடையின் கருவிகளை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். இரண்டு மூன்று ஸ்பேனர், ஒரு சுத்தியல், கோட்டர் பின்னைத் தட்டி எடுக்க ஓர் இரும்புத் துண்டு, போக்ஸ் கம்பியை முடுக்கும் சாவி, செயின் கண்ணியைக் கழற்றும் உளி, பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்ப். இவற்றை வைத்து ஒற்றைக் கியர் வண்டியின் எந்த உறுப்பையும் கழற்றி மாட்டிவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை செய்யும் 'ஓவராயில்' வேலையில் கோன், கப், குண்டு எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவப்பட்டு, புதுக் கிரீஸோடு திரும்ப ஏறும். கோட்டம் விழுந்த ரிம்மைக் கண்ணால் பார்த்தே நேராக்குவார்கள். இந்த அறிவு புத்தகத்தில் இல்லை. குருவின் அருகில் கையாளாக உட்கார்ந்த பையன்கள் வழியாகவே அது பரவியது. மூடிய பெட்டியாக இருக்கும் எந்த இயந்திரமும் அந்த வகையில் பரவாது. திறந்து பார்த்தால் தெரியும், தெரிந்தால் சரிசெய்யலாம் என்கிற இயந்திரம் மட்டுமே பரவும். ஒற்றைக் கியர் நிலைத்ததற்கு விலை மலிவு ஒரு காரணம் என்றால், இப்படிக் கைக்குக் கை கற்றுக்கொடுக்க முடிந்தது இன்னொரு காரணம். அதற்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

இதற்கு எதிராக எழும் வலுவான மறுப்பு மேற்கே கண்ணுக்கெதிரே நிற்கிறது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்தால் கல்வராயன் மலை எழுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான அதன் உயரம் ஏறத்தாழ 2000 அடியிலிருந்து 4000 அடிவரை போகும். வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அங்கே ஒற்றைக் கியர் என்ன செய்யும்? 100 அடி தூரத்துக்கு 7 அடி உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. 5.46 மீட்டர் நகர்த்தும் கியரில் பெடலுக்குச் சராசரியாக 33 கிலோ அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெடல் உச்சியிலும் அடியிலும் நிற்கும்போது மிதி பயன்படாததால், நடுப்பகுதியில் அது 50 கிலோவைத் தாண்டும். 65 கிலோ எடையுள்ள மனிதர் தம் உடலின் பெரும் எடையை ஒவ்வொரு மிதியிலும் இறக்கிவைக்க வேண்டும். அப்படியும் மணிக்கு 6 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 18 சுற்றுத்தான் வரும். வண்டி தள்ளாடும். சாதாரணமாக ஓட்டுகிறவரால் இதை வெகுதூரம் தொடர முடியாது. இறங்கித் தள்ளுவதே புத்திசாலித்தனம். கல்வராயன் மலை ஏற்றத்துக்கு ஒற்றைக் கியர் பொருந்தாது என்பதை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுப்பு இந்த அளவில் சரி. ஆனால் இதிலிருந்து, பல கியர் வண்டி வந்திருந்தால் மலைமக்களின் வாழ்க்கை மாறியிருக்கும் என்ற முடிவுக்குப் போவதற்கு முன் வரலாற்றைக் கேட்க வேண்டும்.

கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் பரம்பரைகளின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அது முழுமையாக அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது. அதன் பிறகும் சாலை மெதுவாகவே ஏறியது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், இந்த மலைக் கிராமங்களின் சாலையும் போக்குவரத்தும் இன்னும் கேள்விக்குரிய பொருளாகவே இருந்தன. புளியும் கடுக்காயும் தேனும் தலைச்சுமையாக ஒற்றையடிப் பாதையில் இறங்கிய காலத்தில், சைக்கிளுக்கு எத்தனை கியர் என்ற கேள்வியே எழ இடமில்லை. சக்கரம் உருள முதலில் பாதை வேண்டும். ஆகவே மலையில் சைக்கிள் பரவாததற்குக் கியர் இல்லாததைக் காரணமாகச் சொல்வது வரலாற்றைத் தலைகீழாக வைப்பதாகும். கியர் தவறவில்லை, சாலை தவறியது. அரசின் பொறுப்பாக இருந்த ஒன்றை இயந்திரத்தின் குறையாகக் காட்டிவிடக் கூடாது.

சாலை வந்த இடங்களில் கியர் உதவியிருக்காதா என்று கேட்கலாம். இரண்டு வகைக் கியரையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்போம். 1936இல் வந்த, உறுதிக்குப் பெயர்பெற்ற ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப், இயல்பு கியரைவிடக் கால் பங்கு இலகுவான ஒரு கியரைத் தரும். அதாவது 5.46 மீட்டர் 4.1 மீட்டராகும். மேலே சொன்ன ஏற்றத்தில் 33 கிலோ அழுத்தம் 25 கிலோவாகக் குறையும். அப்போதும் சுற்று 24தான். தள்ளிக்கொண்டு போகும் நிலைமை சற்றுத் தள்ளிப்போகுமே தவிர மாறாது. வேறொரு கணக்கைப் பாருங்கள். 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் பிரீவீலைப் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.47 மீட்டர். விலையுயர்ந்த ஹப்பின் இலகுவான கியர் தருவதற்கு மிக அருகில் வருகிறது, ஒரு சிறிய பல்சக்கரத்தை மாற்றிய மாற்றம். சமவெளியில் அதே 15 கிலோமீட்டர் வேகத்துக்குக் கால் 56 சுற்றுச் சுற்றினால் போதும். அதுவும் இயல்பான வேகமே. மூன்று கியர் ஹப் இங்கே வேரூன்றாததில் இந்த மாவட்டம் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்பதை இந்த எண்களே சொல்கின்றன. இழந்தது இருக்கிறதென்றால், பல்லின் எண்ணிக்கையை ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் யோசனையைத்தான்.

டீரெயிலர் கியரின் கணக்கு வேறு. 26 அங்குலச் சக்கரமும், முன்னும் பின்னும் 28 பல்லும் உள்ள இலகுவான கியரில் ஒரு சுற்றுக்கு 2.07 மீட்டர். அதே ஏற்றத்தில் அழுத்தம் 12 அல்லது 13 கிலோ, சுற்று 48. உட்கார்ந்தபடியே ஏறலாம். மலைக்கான உண்மையான விடை இதுவே. வெலோசியோ சொன்னது சரி. ஆனால் இந்தக் கியர் நம் சந்தையில் பரவலாகக் கிடைத்தது 1991இன் பொருளாதார மாற்றங்களுக்குப் பிந்திய ஆண்டுகளில். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1980இல், ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்துவிட்டது. பால்கேனும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏற, கியர் தரக்கூடிய உதவியைவிடப் பெரிய உதவியை ஒரு சிறிய இன்ஜின் தந்தது. அதன் பழுது பார்ப்பும் விரைவில் தெருவோரத்துக்கு வந்தது. சைக்கிளில் கியர் பிடித்திருக்க வேண்டிய இடத்தை மொபெட் பிடித்துக்கொண்டதால், பல கியர் சைக்கிள் உழைக்கும் மனிதரின் வண்டியாகாமல் பள்ளிப் பிள்ளையின் ஆசைப்பொருளாக நின்றது. அதன் டீரெயிலர் கரும்புச் சாலையின் சேற்றுக்கும், பேருந்துக் கூரையில் ஏற்றி இறக்கும் முரட்டுக் கைக்கும், வாங்கிய பின் யாரும் சரிபார்க்காத கேபிளுக்கும் பலியானது. செயின் நகரும் எல்லையைக் குறிக்கும் திருகாணிகள் இரண்டையும் அளவாக வைக்கத் தெரியாவிட்டால் செயின் போக்ஸ் கம்பிக்குள் விழும். டீரெயிலரைத் தாங்கி நிற்கும் கொக்கி வளைந்தால் ஒரு கியரும் சரியாக விழாது. இந்தக் கட்டத்தில்தான் கடைக்காரரின் உளியும் ஸ்பேனரும் ஒற்றைக் கியருக்குத் திரும்பும் வேலையைத் தொடங்கின.

அந்த வேலையில் இருக்கும் அறிவை யாரும் போதுமான அளவு மதிக்கவில்லை. பழைய பத்து கியர் ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டால், அதன் பின் ஹப்பில் இருக்கும் ஐந்து பல்சக்கரத் தொகுதி இங்கிலாந்து மரையில் ஏறியிருந்தால், அதே மரையில் நம் ஒற்றைப் பிரீவீலும் ஏறும். கியர் வண்டியின் குறுகிய பல்லில் நம் அகலச் செயின் ஓடும். ஆனால் குறுகிய செயின் நம் தடித்த பல்லில் உட்காராது. தொகுதியைக் கழற்றியதும் வலப்பக்கத்தில் வெற்றிடம் மிஞ்சும். ஆக்சிலில் இருக்கும் வாஷர்களில் சிலவற்றை வலமிருந்து இடத்துக்கு மாற்றி, பிரீவீலை முன் செயின் வீலுக்கு நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். நேர்கோடு தவறினால் செயின் கத்தும், பல் தேயும். வாஷர் இடம் மாறியதால் ரிம் ஒருபக்கம் ஒதுங்கும். போக்ஸ் கம்பிகளை முடுக்கியும் தளர்த்தியும் அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கியர் வண்டியில் வலப்பக்கக் கம்பிகள் மிக இறுகியும் இடப்பக்கம் தளர்ந்தும் இருக்கும். ஒற்றைக் கியருக்கு மாறிய சக்கரத்தில் இருபக்க இழுவையும் ஏறக்குறையச் சமமாகும். சக்கரம் முன்னைவிட உறுதிப்படும். எளிமை இங்கே வெறும் கழித்தலாக நிற்காமல் ஒரு பலத்தைச் சேர்க்கிறது. பழைய ரேஸ் பிரேம்களில் பின் ஆக்சில் முன்னும் பின்னும் நகரக் கிடைப் பள்ளம் இருப்பதால் செயினை இழுத்து இறுக்க முடியும். செங்குத்துப் பள்ளமுள்ள புதிய பிரேமில் அது முடியாது. அங்கே செயினை இறுக்கிப் பிடிக்க ஒரு சிறு உருளை வேண்டும்.

அரிய பழைய வண்டியை இப்படி மாற்றுவது அதன் வரலாற்றை அழிப்பதாகாதா என்று ஆர்வலர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பிரேமை அறுத்து, கேபிள் தாங்கிகளை ராவி, புதுப் பெயின்ட் அடித்தால் அது அழிப்புதான். அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் மேலே சொன்ன வேலை எதிலும் பிரேமில் ஒரு கீறல்கூட விழ வேண்டியதில்லை. கழற்றிய டீரெயிலர், கியர் கைப்பிடி, பல்சக்கரத் தொகுதி எல்லாவற்றையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால், வேண்டும்போது ஒரே நாளில் பழைய நிலைக்குத் திருப்பலாம். உதிரி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து துருவேறும் வண்டியைவிட, உதிரியைப் பத்திரப்படுத்திவிட்டு ஓடும் வண்டி பழைய பொருளுக்குக் கூடுதல் மரியாதை செய்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: மேலைநாட்டுப் பாணியைப் பார்த்துப் பிரீவீலே இல்லாத நிலைக் கியரையும், பிரேக் இல்லாத வண்டியையும் யாரும் இங்கே கொண்டுவரக் கூடாது. கல்வராயன் இறக்கத்தில் பெடல் நிற்காமல் சுழலும் வண்டி உயிருக்கு ஆபத்து. பிரீவீலும் முன், பின் இரண்டு பிரேக்கும் இல்லாத எளிமை எளிமையே இல்லை.

கடைசியாக ஒரு கடுமையான மறுப்பு மீதமிருக்கிறது. வசதியானவர்கள் பல கியரில் போக, ஏழைக்கு ஒற்றைக் கியர் போதும் என்பது வறுமையைப் புகழ்வதாகாதா? இதற்கு விடை புதுக்கோட்டையில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவோடு இணைத்தபோது, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாக எழுதினார். பெண்களுக்கான வண்டி போதுமான அளவு கிடைக்காதபோது ஆண்களுக்கான பார் வைத்த வண்டியையே அவர்கள் ஓட்டினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதைக்கூட ஒரு வசதியாகக் கண்டார்கள். சைக்கிள் அவர்களுக்கு விடுதலையானது, அது ஊரிலேயே கிடைத்து ஊரிலேயே பழுது பார்க்கப்பட்டதால். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டமும் ஒற்றைக் கியர் வண்டியையே தேர்ந்தது. லட்சக்கணக்கில் கொடுக்கும் வண்டி எந்தக் கிராமத்திலும் பஞ்சருக்கும் செயினுக்கும் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் அந்தத் தேர்வு சரியானது. வறுமைக்கு உரியதாகப் பார்க்கப்பட்ட வண்டி, பெண் கல்விக்கான கருவியாக அரசாங்கத்தாலேயே ஏற்கப்பட்டது.

அந்தத் திட்டத்தில் திருத்த வேண்டியது ஒன்று உண்டு என்பதையும் இதே வரலாறு காட்டுகிறது. உளுந்தூர்பேட்டையின் சமவெளியில் படிக்கும் மாணவிக்கும் வெள்ளிமலையில் படிக்கும் மாணவிக்கும் ஒரே பல்லுள்ள பிரீவீலைக் கொடுப்பது நியாயமில்லை. மலைக்கு மேலே உள்ள ஊர்களுக்கிடையிலான சாலை எல்லா இடத்திலும் அடிவாரத்து ஏற்றத்தைப் போலச் செங்குத்தாக இருப்பதில்லை. ஏறியும் இறங்கியும் போகும் மேட்டுநிலம் அது. அங்கே 18 பல்லுக்குப் பதில் 22 பல் கொடுத்தால் கால் கொடுக்க வேண்டிய அழுத்தம் 18 சதவீதம் குறையும். செயினில் சில கண்ணி கூடும், அவ்வளவே. புதிதாகக் கற்க வேண்டிய பழுதில்லை, புதிய உதிரி இல்லை, கடைக்காரருக்குத் தெரியாத எதுவும் இல்லை. பழைய ரேஸ் சைக்கிளை எளிமையாக்க நினைப்பவருக்கும் இதே கணக்கு பொருந்தும். ரேஸ் வண்டியின் 52 பல் வெளிச் செயின் வீலை அழகுக்காக விட்டுவைத்து, உள்ளே இருக்கும் சிறிய வீலைக் கழற்றிப் போடுவது பொதுவான தவறு. சிறிய வீலை வைத்துக்கொண்டு, தாம் தினமும் போகும் சாலையின் மேட்டைப் பார்த்துப் பின் பல்லைத் தேர்ந்தால் கியரை இழந்த குறை பெரிதும் தெரியாது.

ஒற்றைக் கியரைப் பற்றி இங்கே யாரும் கொள்கை எழுதியதில்லை. தெக்ராஞ்சைப் போல அதைத் தசை வலிமையின் அடையாளமாக்கியதும் இல்லை. ஒரே அளவில் உதிரி செய்த ஆலைகளும், வண்டியை வாடகைக்கு விட்டுப் பழுதும் பார்த்த கடைகளும், அவற்றை நம்பி வண்டி வாங்கிய குடும்பங்களும் சேர்ந்து எடுத்த முடிவு அது. சமவெளிக்கு அந்த முடிவு சரியாக இருந்தது. மலையில் அது போதாமல் போனதற்கு, சாலை போடாத நிர்வாகத்துக்குப் பெரும் பங்கும், எல்லா ஊருக்கும் ஒரே பல் என்ற பழக்கத்துக்குச் சிறு பங்கும் உண்டு. இந்தச் சிறு பங்கை ஒரு பிரீவீலின் விலையில் இன்றே சரிசெய்யலாம். பெரும் பங்குக்கு வெள்ளிமலைக்கு மேலே ஒவ்வொரு ஊருக்கும் நல்ல சாலையும் அதில் ஓடும் பேருந்தும் வந்தாக வேண்டும். வாடகைக் கடைகள் பெரும்பாலும் போய்விட்டன. அந்தக் கைகளின் அறிவு இன்னும் முழுதாகப் போகவில்லை. பழைய வண்டியை ஓடவைக்க விரும்புகிறவர்கள் இணையத்தில் உதிரி தேடுவதற்கு முன் அந்தக் கடைகளுக்குப் போக வேண்டும். செய்த வேலைக்கு அதன் உரிய கூலியைக் கொடுக்க வேண்டும். கை அருகில் இருக்கும்வரைதான் எளிமை எளிமையாக இருக்கும்.